உப்பும்தான் வளர்கிறது, அதற்கு ஏன் உயிர் இல்லை?

உப்பளத்துக்காரன் (புத்தளம்):
உண்ணும், சுவாசிக்கும், வளரும், அசையும், கழிவை வெளியேற்றும், தூண்டினால் பதில் காட்டும், இனம் பெருக்கும். உயிருள்ளதற்கு இதெல்லாம் அடையாளம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள். இதை வைத்து எதையும் பிரிக்க முடியாது என்பது என் கட்சி. எங்கள் அளத்துக்கு வந்து பாருங்கள். பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு வளரும். ஒரு பரல் இரண்டாக உடைந்தால் இரண்டும் தனித்தனியாக வளரும். வளர்ச்சியும் ஆயிற்று, பெருக்கமும் ஆயிற்று. மறுபக்கம் ஏத்தன் வாழையைப் பாருங்கள். குரோமோசோம் மூன்று தொகுதியாக இருப்பதால் அதற்கு விதையே பிடிக்காது. அதனால் அதற்கு உயிர் இல்லை என்பீர்களா? பதில் காட்டுவது என்று எடுத்துக்கொண்டால், ஜெகதீஷ் சந்திர போஸ் 1900களின் தொடக்கத்திலேயே ஒரு கம்பித் துண்டும் தசையும் மின் தூண்டலுக்கு ஒரே மாதிரி பதில் காட்டுகின்றன, உலோகமும் களைக்கிறது என்று வரைபடத்தோடு சொல்லிவிட்டார். உயிர் உண்டு, இல்லை என்று நடுவில் ஒரு கோடு கிடையாது. கூடுதல் குறைச்சல்தான் உண்டு. மறுக்கிறவர்கள் வரலாம்.

ரப்பர் வெட்டு (அருமனை):
ஏத்தனுக்கு விதை இல்லை, சரி. கன்று யார் வைத்தது? மூட்டில் தானாக முளைத்து வருகிறதே, அது பெருக்கம் இல்லாமல் வேறென்ன?

தக்கலை டீச்சர்:
நான் மறுக்கிறேன். அந்தப் பட்டியல் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைகாட்டி, அவ்வளவுதான். அதை உடைத்துவிட்டு உயிரின் எல்லையையே உடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

உப்பின் மேல் உப்பு வந்து ஒட்டுகிறது. வந்ததும் உப்பு, ஆனதும் உப்பு. உள்ளே எந்த வேலையும் நடக்கவில்லை. மாட்டுக்குப் புல் போட்டால் மாடு புல்லாகப் பெருப்பதில்லை. புல்லைப் பிரித்து, எரித்து, தன் சதையாகக் கட்டுகிறது. இது ஒன்று. இரண்டாவது, உப்புப் பரல் உடைந்து உண்டாகும் துண்டுக்குத் தாயிடமிருந்து கடத்த ஒரு செய்தியும் இல்லை. பிழையாகக் கடத்தினால்தானே பிறகு மாற்றம், தேர்வு, பரிணாமம் எல்லாம்? நாசாவுக்காக 1994ல் ஒரு குழு எழுதிய வரையறையும் இந்த இரண்டையும்தான் கேட்கிறது: தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும், டார்வினியப் பரிணாமத்துக்கு உட்படக்கூடிய வேதி அமைப்பு. வெறும் பதில் போதும் என்றால் எங்கள் வீட்டு காலிங் பெல்லும் உயிர்தான்.

இன்னொன்று. கோடையில் உங்கள் பாத்தித் தண்ணீர் சிவந்து கிடக்குமே, அண்ணாச்சி, அந்த நிறத்துக்குத்தான் உயிர் இருக்கிறது. உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் டுனாலியல்லா என்ற பாசியும் கொடுக்கிற நிறம் அது. பரல் இறுகும்போது உள்ளே அகப்படும் துளி உப்புநீரில் அவையும் மாட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் 22 ஆயிரம் முதல் 34 ஆயிரம் ஆண்டு பழைய உப்புப் படிகங்களுக்குள்ளிருந்து அப்படிப்பட்ட நுண்ணுயிர்களை எடுத்து ஆய்வகத்தில் திரும்ப வளர்த்திருக்கிறார்கள். உயிருள்ளதும் இல்லாததும் ஒரே பரலுக்குள் இருக்கின்றன. அப்போதும் எது எது என்று தெரிகிறது பார்த்தீர்களா?

உப்பளத்துக்காரன்:
டீச்சர், உள்ளே வேலை நடக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் 2017 நவம்பர் கடைசியில் நம் கடலைக் கலக்கிய ஒக்கிப் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான கடலிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் எடுக்கிறது, அதை வைத்துத் தன் சுழற்சியைத் தாங்குகிறது, பெருக்கிறது, கண் வைக்கிறது. அதில் இருக்கும் காற்றும் நீரும் நொடிக்கு நொடி மாறினாலும் உருவம் நிற்கிறது. குஜராத் பக்கம் போய் இரை கிடைக்காமல் ஒடுங்கியது. பொருளும் ஆற்றலும் ஓடிக்கொண்டே இருக்க, அந்த ஓட்டத்தினாலேயே நிற்கும் ஒழுங்குகளைப் பற்றி எழுதித்தான் வேதியியலாளர் பிரிகோஜின் 1977ல் நோபல் வாங்கினார். உங்கள் மாட்டுக்கும் ஒக்கிக்கும் இதில் என்ன வித்தியாசம்?

முட்டம் கடற்கரை:
மக்கா, ஒக்கியை உதாரணத்துக்கு இழுக்கும்போது கொஞ்சம் யோசித்து எழுது. கடலுக்குப் போனவர்களின் உடம்புகூடக் கிடைக்காத வீடுகள் இங்கே இருக்கின்றன. அது உயிரா இல்லையா என்று ரசித்துப் பேச எங்களால் ஆகாது.

ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஒக்கிக்குப் பிறகு எத்தனையோ புயல் வந்தது. எதுவும் ஒக்கியின் பிள்ளை இல்லை. அது கற்றது, பெற்றது என்று ஒன்றும் அடுத்ததற்குப் போகவில்லை. சாளை அப்படியா? ஒரு சாளை செத்தாலும் அதன் குட்டி அதே சாளையாக வருகிறது.

தக்கலை டீச்சர்:
முட்டத்துத் தம்பி சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. புயலிடம் அந்த வரையறையின் முதல் பாதி இருக்கிறது, இரண்டாம் பாதி இல்லை.

உப்பளத்துக்காரன்:
ஒக்கியைக் கொண்டுவந்தது யாரையும் நோகடிக்க இல்லை, அதை இத்தோடு விடுகிறேன். இரண்டாம் பாதி மட்டும் இருப்பதைப் பற்றிச் சொல்லுங்கள் டீச்சர். 1935ல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் பிரித்தெடுத்துப் படிகமாக்கினார். புட்டியில் போட்டு வைக்கலாம். கரைத்து இலையில் தடவினால் திரும்பவும் நோய் பிடித்தது. அதற்காக 1946ல் அவருக்குக் கொடுத்தது வேதியியல் நோபல், மருத்துவ நோபல் இல்லை. நம் வாழைத் தோட்டங்களில் முடிக்கொத்து நோய் கொண்டுவருவதும் வைரஸ்தான். தனியாக இருக்கும்போது அது ஒன்றையும் தின்பதில்லை, எரிப்பதில்லை. ஆனால் செய்தி உண்டு, பிழை உண்டு, பரிணாமம் உண்டு. கோட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

ரப்பர் வெட்டு:
முடிக்கொத்து பிடித்த வாழையை நான் அசுவினிக்கு மருந்தடித்துவிட்டு கிழங்கோடு தோண்டி அழிப்பேன். எந்தப் பக்கம் வைத்தாலும் அதுதான் செய்ய வேண்டும்.

தக்கலை டீச்சர்:
வைரஸை நான் வெளியேதான் வைப்பேன். வாழைச் செல்லுக்குள் நடக்கும் வேலை வாழையுடையது. வைரஸ் அதில் உத்தரவை மாற்றி எழுதுகிறது. மிமிவைரஸ் என்று பாக்டீரியா அளவுக்குப் பெருத்த ஒன்றை 2003ல் விவரித்தார்கள், அதையே தொற்றும் குட்டி வைரஸும் பிறகு கிடைத்தது. அதைக் காட்டி வைரஸையும் உயிர்ப் பட்டியலில் சேர்க்கச் சொல்பவர்கள் விஞ்ஞானிகளிலேயே இருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்தப் பெரியதும் அமீபாவுக்குள் போகாமல் ஒரு புரதம்கூடச் செய்யாது.

ஹேச்சரி பையன் (குளச்சல்):
டீச்சர், உள்ளே வேலை நடந்தால்தான் உயிர் என்று நீங்கள் பிடித்துக்கொண்டு நிற்பதில் எனக்கு ஒரு சந்தேகம். நான் இறால் ஹேச்சரியில், அதாவது குஞ்சு பொரிப்பகத்தில், வேலை செய்கிறேன். இறால் குஞ்சுக்குத் தீனியாக ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிர் வரும். தூத்துக்குடி அளங்களில்கூட அந்த உயிர் உண்டு. எங்களுக்கு வருவது டின்னில், காய்ந்த பழுப்புப் பொடியாக. ஒவ்வொரு துகளும் ஒரு முட்டை மாதிரி. உள்ளே வளர்ச்சி நின்றுபோன கரு. உப்புத்தண்ணீரில் கொட்டி, காற்று விட்டு, விளக்கு போட்டு வைத்தால் மறுநாள் தொட்டி முழுக்க நீந்தும்.

இதில் கிளெக் என்ற ஆய்வாளர் செய்தது கேளுங்கள். இந்தக் கருக்களைத் தண்ணீரில் ஊறவைத்து, ஆக்ஸிஜன் துளியும் இல்லாமல் நான்கு ஆண்டு வைத்திருந்தார். உள்ளே அளக்கக்கூடிய வேதி வேலை எதுவும் நடக்கவில்லை. பிறகு காற்றைக் காட்டினால் பெரும்பாலானவை பிழைத்து வந்தன. அந்த நான்கு ஆண்டும் அவை என்ன? செத்திருந்தனவா? செத்தது திரும்ப வருமா?

உப்பளத்துக்காரன்:
வாடா ராசா! இதைத்தான் எதிர்பார்த்தேன்.

தக்கலை டீச்சர்:
நல்ல கேள்வி, கொண்டாட்டம் கொஞ்சம் பொறுக்கட்டும். தம்பி, உங்கள் டின்னில் காலாவதித் தேதி போட்டிருக்கும், நூற்றுக்கு எவ்வளவு பொரிக்கும் என்றும் போட்டிருக்கும். உப்பு மூட்டையில் அப்படி எழுத வேண்டிய தேவை எதனால் இல்லை? உப்பைக் கரைத்துவிட்டுத் திரும்ப வற்றவைத்தால் அதே உப்பு. ஆர்டீமியாப் பொடியை அம்மியில் அரைத்துவிட்டுப் பாருங்கள்: அதே அணு, அதே எடை, ஆனால் இனி ஒருநாளும் நீந்தாது. வேலை நிற்கலாம், வேலை செய்வதற்கான கட்டுமானம் குலையாமல் இருக்க வேண்டும். சாவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது சாகவில்லை.

உப்பளத்துக்காரன்:
அரைத்தால் திரும்ப வராது என்பது உயிருக்கு அடையாளமா? செல்போனையும் அம்மியில் அரைத்தால் திரும்ப வராது. இன்னொரு பக்கமும் உடைகிறது: 2002ல் போலியோ வைரஸின் மரபு எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, கடையில் வாங்கிய வேதிப்பொருளிலிருந்து அதைப் புதிதாகவே செய்துவிட்டார்கள்.

தக்கலை டீச்சர்:
வைரஸைத்தானே செய்தார்கள்? அதை வெளியே வைத்தது சரி என்பதற்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். அவர்களுக்கும் உயிருள்ள செல்லை உடைத்தெடுத்த சாறு தேவைப்பட்டது. 2010ல் அமெரிக்க விஞ்ஞானி வென்டரின் குழு ஒரு பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியையும், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளை, செயற்கையாகக் கோத்தது. அதை ஓட வைக்க ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேறொரு பாக்டீரியாவுக்குள் வைக்க வேண்டியிருந்தது. செல் செல்லிலிருந்துதான் வரும் என்று 1850களில் ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ சொன்னது இன்றுவரை எந்த ஆய்வகத்திலும் பொய்யாகவில்லை. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றிய மாதிரி 350 கோடி ஆண்டாக அணையாமல் கைமாறி வந்திருக்கிறது. உங்கள் ஏத்தன் மூட்டில் வரும் கன்றும் அந்தத் தொடர்தான். ஆர்டீமியா டின்னும் அந்தத் தொடரில் மெதுவாகப் போகிற ஒரு இடம். உப்பு இதில் எங்கும் இல்லை.

உப்பளத்துக்காரன்:
முதல் விளக்கை ஏற்றியது யார்? உயிரில்லாத வேதிப்பொருளிலிருந்துதானே முதல் செல்லும் வந்தது? ஒரு நாள் காலையில் பத்து மணிவரை வெறும் வேதிப்பொருள், பத்தரைக்கு உயிர் என்றா நடந்திருக்கும்? இடையில் எத்தனை படி இருந்திருக்கும். கூடுதல் குறைச்சல் என்று நான் சொன்னது அங்கே சரியாகிவிட்டது, நீங்கள் இன்றைக்கு எவ்வளவு அழுத்திக் கோடு போட்டாலும்.

தக்கலை டீச்சர்:
அன்றைக்குப் படி இருந்தது, ஒத்துக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. இன்றைக்கு ஏன் இல்லை என்பதற்கு டார்வின் 1871ல் ஒரு கடிதத்திலேயே காரணம் எழுதிவிட்டார்: இப்போது எங்காவது ஒரு குட்டையில் அப்படி ஒன்று உருவானால், இருக்கிற உயிர்கள் உடனே தின்றுவிடும். நடுப்படிகள் தின்னப்பட்டுப் போயின. அதனால்தான் இந்தப் பள்ளம் இவ்வளவு அகலம்.

ரப்பர் வெட்டு:
நான் நடுவில் ஒன்று கேட்கலாமா? சிரட்டையில் விழும் ரப்பர் பால் வெறும் பசை இல்லை, பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்ச் செல்களின் உள்ளே ஓடும் சாறே அதுதான் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். கரு மட்டும் மரத்திலேயே நின்றுவிடுமாம். வெளியே வந்த பாலிலும் ரப்பர் உண்டாகும் வேலை நடக்க முடியும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்களாம். அப்படியானால் ஆசிட் ஊற்றி நான் உறைய வைப்பது எதை? அப்புறம், என் தோட்டத்தில் நிற்கும் 105 என்கிற ரக ரப்பர் மரங்கள் எல்லாம் ஒரே தாய்மரத்தின் மொட்டை ஒட்டி ஒட்டி உண்டாக்கியவை. அவை பல உயிரா, ஒரே உயிர் பல இடத்தில் நிற்கிறதா? தாய்மரத்தை வெட்டினால் எது செத்தது?

நைட் ட்யூட்டி (நாகர்கோவில்):
ரப்பர்க்கார அண்ணன் கேட்டதுதான் இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி. நான் ஐசியூ நர்ஸ். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து மூளைச்சாவு என்று கையெழுத்துப் போடும். அந்த நேரத்தில் நோயாளியின் கை சூடாக இருக்கும். வெண்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்கும், சிறுநீர் பிரியும். டீச்சர் சொன்ன வேலை எல்லாம் செல்லுக்குச் செல் நடந்துகொண்டிருக்கும். இல்லையென்றால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் எடுத்து இன்னொருவருக்கு வைக்கவே முடியாது. "உயிர் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்கும் அம்மா சிறுநீரகத்தைக் கேட்கவில்லை, மகனைக் கேட்கிறார். அவரிடம் போய்க் கூடுதல் குறைச்சல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. செல் எல்லாம் பிழைத்திருக்கிறது என்று சொன்னால் அது பொய்யைவிட மோசம்.

எதற்கு உயிர் என்று சொல்லாமல் உயிர் உண்டா என்று கேட்டால் இரண்டு பேரும் காலம் முழுக்கச் சண்டை போடலாம். செல்லுக்கா, ஆளுக்கா, 105 என்கிற ரகத்துக்கா?

உப்பளத்துக்காரன்:
சிஸ்டர், உங்கள் நான்கு கையெழுத்தும் மனிதர்கள் போட்ட கோடு. தேவைக்காகப் போட்டது. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

நைட் ட்யூட்டி:
கையெழுத்து நாங்கள் போட்டது. மூளைத்தண்டு அதற்கு முன்பே நின்றுவிட்டது. அதை நாங்கள் நிறுத்தவில்லை.

தக்கலை டீச்சர்:
சிரட்டைப் பால் பற்றிய கேள்விக்கு என் பதில்: பாலில் வேலை மிச்சம் இருக்கிறது, வேலைக்காரனைத் திரும்பச் செய்துகொள்ளும் வழி இல்லை. ஆகவே அது உயிரின் துண்டு, உயிர் இல்லை. 105க்கு என்னிடம் ஒரே வரியில் பதில் கிடையாது. ஒவ்வொரு மரமும் தனியாகப் பட்டுப்போக முடிகிறது என்பதால் பல என்றே எண்ணுவேன்.

ஹேச்சரி பையன்:
டீச்சர், டின்னுக்கு மட்டும் ஒரு திருத்தம். காலாவதி தாண்டிய டின்னில் பாதி பொரிக்கும், பாதி பொரிக்காது. பொரிக்காததை எல்லாம் செத்த கணக்கில் எழுத முடியாது. சிலது உறக்கத்தில் இருக்கும். குளிரில் வைத்தோ, திரும்பக் காயவைத்து நனைத்தோ எடுத்தால் அதிலும் ஒரு பங்கு பொரிக்கும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் எது எந்தப் பக்கம் என்று லென்ஸில் பார்த்தாலும் எனக்குத் தெரியாது. வேண்டுமானால் இந்த வாரம் ஒரு பழைய டின்னை இரண்டு சுற்று பொரிக்க வைத்து எண்ணிப் போடுகிறேன். உப்பளத்து அண்ணாச்சி கொஞ்சம் பாத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டால் அதிலேயே செய்யலாம்.