நடுத்துண்டை ஏன் வெட்டினாய்?

சுவர் ஓவியப் பாணியில், தாள், துணி, தகரம் எல்லாம் ஒட்டிப் படம் செய்கிற ஆட்கள் வன்னியில் இப்போது அங்கங்கே இருக்கிறோம். செய்தபோது என்ன நடந்தது, பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

2019 கடைசியில் நாடு முழுக்க இளம் ஆட்கள் வாளியும் தூரிகையுமாகச் சுவர்களில் இறங்கினார்களே, அப்போது நானும் எங்கள் சந்திச் சுவரில் மாட்டுவண்டி கீறினவன்தான். வடிவாய்த்தான் இருந்தது. இரண்டு மாரி போனபிறகு பார்த்தால் மாட்டின் தலைக்கு மேல் தேர்தல் போஸ்டர், அதற்கு மேல் ரியூசன் விளம்பரம், அதற்கும் மேலே யாரோ ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி, எல்லாம் மழையில் ஊறி ஓரம் கிளம்பி, மாட்டின் ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் நான் கீறினதை விட அது நல்ல படம். அடுக்கடுக்காக உரித்துக்கொண்டு வந்து பிளைவூட்டில் ஒட்டினேன் (நினைவஞ்சலியை மட்டும் விட்டுவிட்டேன், மனம் வரவில்லை). பிரான்சின் பரிஸ் நகரில் வில்லெக்லே என்கிற கலைஞர் 1949இலேயே கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து தெருப் போஸ்டர்களை உரித்துக் கலையாக்கத் தொடங்கிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. சரி, அவருக்கு எங்கள் சந்தி தெரியாதுதானே.

அடுத்த படத்துக்குத்தான் வீட்டில் சண்டை. 2009இல் போரின் கடைசிக் காலத்தில் பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) மண்மூட்டை கட்டச் சாக்குக் கிடைக்காமல் சேலைகளைத் தைத்து மண் நிரப்பியது இங்கே எல்லா வீட்டுக் கதையும்தான். அம்மாவிடம் மிஞ்சியது ஒரு ஊதாச் சேலை. அதில் ஒரு துண்டை வெட்டி ஒட்டி, மேலே ஸ்டென்சில் வைத்து ஸ்ப்ரேயால் ஒரு பெண்ணின் முதுகை அடித்தேன். அம்மா அழுவார் என்று நினைத்திருந்தேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, துணியை விரலால் தடவிவிட்டு, “கேட்டிருந்தா கரையைத் தந்திருப்பன், நடுத்துண்டை ஏனடா வெட்டினனீ” என்று ஏசினார். மூன்று நாள் பேச்சில்லை.

*

புதுக்குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். அண்ணை, தறப்பாளில் முயன்று பார்த்தீர்களா? நான் பட்ட பாடு! அக்ரிலிக் அதில் பிடிக்கவே பிடிக்காது, காய்ந்தபிறகு மடித்தால் பால் ஆடை மாதிரி உரிந்து வரும். முதல் இரண்டும் அப்படியே போனது. பிறகு மண்தாள் போட்டு நன்றாகச் சுரண்டி, பழைய சீத்தைத் துணியை வெள்ளைப் பசையால் ஒட்டி, ஓரத்தைச் சுற்றித் தைத்தேன். பசையை நம்பவில்லை, தையலைத்தான் நம்பினேன். அதன் மேல் பெயின்ற் நின்றது. கீறியது ஒரு சமையற்கட்டு, மூன்று கல்லும் ஒரு பானையும், அவ்வளவுதான்.

ஒரு மண்டபத்தில் வைத்தபோது வயதான ஐயா ஒருவர் நேரே போய்ப் படத்தின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். தொடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். யூஎன்எச்சிஆர் (ஐ.நா. அகதிகள் அமைப்பு) எழுத்தைத்தான் தேடியிருக்கிறார். கண்டதும் என்னைத் திரும்பிப் பார்த்து, “நீங்கள் எத்தினையாம் சோன், பிள்ளை?” என்றார். போர் முடிய எங்களை அடைத்து வைத்த முகாம் மெனிக் பாம், சோன் சோனாகப் பிரித்திருந்தார்கள். அதை 2012இல் மூடிவிட்டார்கள், ஆனால் அந்தக் கேள்வி இன்னும் ஊர்ப்பெயர் கேட்கிற மாதிரித்தான் வருகிறது. பானையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அரைமணி நேரம் தண்ணீர் வரிசையைப் பற்றியே கதைத்தோம்.

*

வவுனியா. நான் கொஞ்சம் மாறிக் கதைக்கப் போகிறேன், கோபிக்க வேண்டாம். தகரம், தறப்பாள், பனங்குற்றி என்று எல்லாரும் இறங்கினால் அதுவும் ஒரு நாகரிகமாகிவிடும். புதுத் தகரத்தில் ஆணியால் ஓட்டை அடித்து, சன்னம் பாய்ந்தது என்று வைத்த படத்தை என் கண்ணாலேயே பார்த்தேன். ஓட்டையின் ஓரத்தில் கறள்கூட இல்லை! தெருவில் கிடக்கிற பொருளைக் கலைக்குள் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. ஓவியர் சந்திரகுப்த தேனுவர 1997இல் படையினரின் காவலரண் பீப்பாய்களை எடுத்து ‘பரலிசம்’ (பரல் என்றால் பீப்பாய்) என்று காட்சிக்கு வைத்தார். அவை அந்த நேரம் தெருவிலேயே நின்ற பீப்பாய்கள், அதுதான் அடி பலமாக விழுந்தது.

நான் ஒட்டியது என்னுடைய நுண்கடன் அட்டைகளை. நான்கு அட்டை, கிழமைக்குக் கிழமை காசு அறவிட வருகிறவரின் கையொப்பம், இடையில் இரண்டு வெற்றுக் கட்டம். மேலே கறுப்பு ஸ்ப்ரேயில் மூடின படலை ஒன்று, அதற்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற கால் இரண்டு. பார்க்க வந்த பெண்கள் கிட்டே வந்து எண்களைத்தான் வாசித்தார்கள். ஒருத்தி என் காதுக்குள், “உங்களுக்கும் செவ்வாய்க்கிழமையே?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தபோது என் பெயர் வராததையும் அவளிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் மட்டும் இன்றைக்கும் கேட்கிறார், வீட்டுக் கடனை ஊருக்குக் காட்ட வேணுமா என்று. கட்டினது நான்தானே.

*

திரும்பவும் நான்தான், மாட்டுவண்டி கீறினவன். வவுனியா அக்கா, ஆணி ஓட்டைக் கதைக்கு நானும் ஓம். புதுக்குடியிருப்புத் தங்கச்சி, தறப்பாளைத் தைக்கிற யோசனையைக் களவெடுக்கப் போகிறேன். போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு ஒன்று: கோதுமைமாப் பசை என்றால் பூச்சி அரிக்கும், கொஞ்சம் துருசு (மயில்துத்தம்) கலந்து காய்ச்சுங்கள், அது நஞ்சு, கையைக் கழுவாமல் சாப்பிட்டுவிடாதீர்கள்.

அம்மா பிறகு கரையை அவராகவே வெட்டித் தந்தார். அலுமாரியில்தான் இருக்கிறது. மாரி முடியட்டும், இப்போது ஒட்டினால் காயாது.