புதுப்பிப்பு: சிறுநீரக மாற்றுக்குப் பின் காலில் ஆறாத புண்

சிறுநீரக மாற்று செய்துகொண்ட என் அண்ணனின் கெண்டைக்காலில், மரு போலத் தடித்து, பொருக்கு உதிர்ந்தால் நீர் கசியும் புண்ணைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

களிம்பில் காலம் கடத்தாமல் பயாப்சி (புண்ணின் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. அது ஆரம்ப நிலையிலிருந்த ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்னும் தோல் புற்றுநோய். சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து வெட்டியெடுத்தார்கள். விளிம்புகளில் நோய் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது.

மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க அண்ணன் சாப்பிட்டுவந்த, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் மருந்துக்குப் பதில், தோல் புற்றுநோய் மீண்டும் வரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடிய சிரோலிமஸ் தரலாமா என்று கேட்கச் சொன்னவரின் குறிப்பும் உதவியது. சிறுநீரில் புரதம் போகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, சிரோலிமஸ் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் தையல் பிரித்துப் புண் முழுதும் ஆறும்வரை பொறுத்திருந்தே சிறுநீரக மருத்துவர் மாற்றினார். இப்போது வாய்ப்புண் தொல்லை மட்டும் உண்டு. சிலர் சொன்ன நிகோட்டினமைடு (வைட்டமின் பி3 வகை) மாத்திரையை அவர் தரவில்லை. 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் மற்ற நோயாளிகளுக்குப் புதிய தோல் புற்றுநோய் வருவதைக் குறைத்துப் பலன் தந்த அது, உறுப்பு மாற்று பெற்றவர்களிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில் பலன் காட்டவில்லையாம்.

வேட்டிக்குள் மறைந்திருக்கும் காலில் வந்ததுதான் எங்களுக்கு வியப்பு. கறுத்த தோலினருக்கு வெயில் படாத இடங்களிலும், பிறப்புறுப்புப் பகுதியிலும்கூட வரலாம் என்பதால், ஆண்டுதோறும் உடல் முழுவதையும் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.