முயல் குட்டிகளுக்குக் கச்சான் புண்ணாக்கு: மலைநாட்டு வளர்ப்பாளர்களின் அனுபவங்கள்

நோர்வூட்டிலிருந்து:

பால் மறந்த முயல் குட்டிகளுக்குக் கச்சான் புண்ணாக்கு கொடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு என் அனுபவத்தை எழுதுகிறேன். கொடுக்கலாம். ஆனால் கோழிக்கு வாங்கிய மூட்டையிலிருந்தே முயலுக்கும் அள்ளிப் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எங்கள் தோட்டத்தில் இறைச்சிக்காக முயல் வளர்ப்பவர்கள் கினிப்புல்லையும் காட்டுச் சூரியகாந்தி இலையையும் கரட் இலையையுமே பெரும்பாலும் நம்பியிருக்கிறோம். தாயிடமிருந்து ஐந்து வாரத்தில் பிரித்த குட்டி வேகமாக உடல் வைப்பதற்கு இவை மட்டும் போதுவதில்லை. அதன் தீவனத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டியே இருக்க, தோல் நீக்கிப் பிழிந்த கச்சானின் புண்ணாக்கில் அது 40 சதவீதத்துக்கு மேல் இருப்பதால், சிறிதளவு சேர்த்தாலே கலவை முழுவதும் உயர்ந்துவிடுகிறது. நான் பத்துக் கிலோ கலவைக்கு உடைத்த சோளம் 3 கிலோ, அரிசித் தவிடு 3 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு இரண்டரைக் கிலோ, கச்சான் புண்ணாக்கு 1.2 கிலோ என்று எடுத்து, மீதிக்குத் தாது உப்புக் கலவையும் சிறிது கறியுப்பும் சேர்க்கிறேன். இதற்கு மேல் கச்சானைக் கூட்டுவதில் பயனில்லை. அதன் புரதத்தில், குட்டி வளரத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) குறைவு. முள்முருங்கை இலையை அன்றாடம் போடுவது அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. புல்லைக் குறைத்துப் புண்ணாக்கைக் கூட்டினால் நார்ச்சத்து போதாமல் குடல் கெட்டுக் கழிச்சல் வரும். அந்த வயதுக் குட்டிகள் கழிச்சலிலிருந்து மீள்வது அரிது.

இனி நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். பக்கத்து லயத்தில் ஓர் அண்ணன் கோழியும் முயலும் சேர்த்து வளர்த்தார். தென்மேற்குப் பருவமழை இடைவிடாமல் பெய்த ஆடி மாதத்தில், இஸ்தோப்பின் சீமெந்துத் தரையில் கிடந்த ஒரே புண்ணாக்கு மூட்டையிலிருந்துதான் இரண்டுக்கும் தீனி போயிற்று. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முயல் குட்டிகளோ முதலில் தீனியை வெறுத்து, பின் முதுகைக் குறுக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கி, நாளுக்கு நாள் மெலிந்து, ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர், வெளிறி மஞ்சளித்திருந்த ஈரலைக் காட்டி, இது பூஞ்சை நஞ்சின் வேலை என்றார்.

அந்த நஞ்சின் பெயர் அஃப்லாடொக்சின். 1960 இல் இங்கிலாந்தில் பிரேசில் நாட்டுக் கச்சான் புண்ணாக்கைத் தின்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோதுதான் உலகம் அதை அறிந்தது. முயலின் உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் அளவு ஒரே தடவையில் உள்ளே போனால், உண்டவற்றில் பாதி இறந்துவிடும். கோழியில் அதே விளைவு ஏற்பட 6 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். அந்த அண்ணனின் கோழிகள் பிழைத்ததற்கும் முயல்கள் மடிந்ததற்கும் இடையிலான வித்தியாசம் இதுவே. ஆகவே கோழி தின்கிறதே என்று பார்த்து முயல் தீவனத்தை எடைபோடக் கூடாது.

பண்டாரவளையிலிருந்து:

நோர்வூட் அண்ணன் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நஞ்சு நம் வீட்டு ஈரத்தில்தான் பிறக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மொனராகலை போன்ற வறண்ட பகுதிகளில் காய் முற்றும் வேளையில் கடும் வறட்சி அடித்தாலோ, பிடுங்கிய காய் சரியாகக் காயாமல் குவிந்து கிடந்தாலோ, பூஞ்சை அங்கேயே பற்றிக்கொள்கிறது. எண்ணெய் பிழியும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடுவதால், மலைக்கு வந்து சேரும் கட்டி பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தாலும் அதற்குள் நஞ்சு இருக்கக்கூடும். வேகவைத்தாலும் அது அழியாது. பூஞ்சை பிடித்த ஓரத்தை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டு மீதியைப் போடுவதும் ஆபத்தானது.

ஊவாப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில்தான் எங்களுக்கு அடைமழை. அக்காலத்தில் கச்சான் புண்ணாக்கை முழுமையாக நிறுத்திவிட்டுச் சோயாப் புண்ணாக்கு வாங்குகிறேன். விலை சற்றுக் கூடுதலானாலும் அதில் லைசினும் அதிகம், இந்த நஞ்சின் அச்சமும் குறைவு. மற்ற மாதங்களில் ஒரு வாரத்துக்குப் போதுமானதை மட்டும் வாங்கி, பலகைமேல், சுவரில் படாமல் வைக்கிறேன். பாலூட்டும் தாய் முயலுக்குக் கச்சான் புண்ணாக்கு கொடுப்பதேயில்லை, ஏனென்றால் உடலில் மாற்றமடைந்த நஞ்சு பாலிலும் இறங்கக்கூடியது.

கொட்டகலையிலிருந்து:

என் கூட்டில் நேற்று இரண்டு குட்டிகள் தீனி எடுக்கவில்லை. புண்ணாக்கு பழையது. மற்றவற்றை அறுத்துச் சமைக்கலாமா, அக்கா?

பண்டாரவளையிலிருந்து:

இப்போது வேண்டாம், தம்பி. நஞ்சு சதையில் குறைவாகவும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கூடுதலாகவும் தங்குகிறது, சமைப்பதால் அது போவதுமில்லை. அந்தக் கலவையை இன்றே நிறுத்திவிட்டுப் புல்லும் சுத்தமான தண்ணீரும் மட்டும் வையுங்கள். சோர்ந்த குட்டிகளோடு அந்தப் புண்ணாக்கிலும் ஒரு கைப்பிடியை எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள்; மிஞ்சிய மூட்டையைக் கோழிக்கும் மாட்டுக்கும் போட்டுவிடாமல் தனியே கட்டி வையுங்கள்.