போலீஸ் நிறுத்தினால் மகன் என்ன செய்ய வேண்டும்?

வணக்கம். அமெரிக்காவில் வசிக்கிறோம். மகனுக்கு இப்போதுதான் ஓட்டுநர் உரிமம் கிடைத்திருக்கிறது. போலீஸ் நிறுத்தினால் இரு கைகளையும் ஸ்டியரிங் மீது தெரியும்படி வை, எதை எடுப்பதானாலும் முதலில் சொல் என்று கற்றுக்கொடுக்கிறேன். ஆனால் 2016இல் மினசோட்டாவில் போலீஸ் காரை நிறுத்தியபோது ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவர் என்ன தவறு செய்தார்? துப்பாக்கி வைத்திருப்பதைத் தாமே மரியாதையாகச் சொன்னார்; அதற்கான அனுமதியும் அவரிடம் இருந்தது. சில நொடிகளில் சுடப்பட்டார். சுட்ட காவலர் 2017இல் விடுதலையானார். அதனால், ‘சொன்னபடி கேட்டால் ஒன்றும் ஆகாது’ என்று மகனிடம் உறுதி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்த்துப் பேசச் சொல்லவும் முடியாது. அது ஆபத்தைக் கூட்டும்.

ஒருவர் ‘அசையாதே’ என்றும் இன்னொருவர் ‘உரிமத்தை எடு’ என்றும் கத்தினால் பிள்ளை எதைக் கேட்பான்? காரைச் சோதனையிடச் சம்மதமில்லை என்பதைக் கோபமூட்டாமல் எப்படிச் சொல்வது? வழக்கறிஞர்களும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பெற்றோரும் தயவுசெய்து எழுதுங்கள்.