நகராட்சி மண்டபத்துல சரக்கு பர்மிட் எங்க வாங்கணும்? அவசரம்

பாலாறு பையன்:
வணக்கம், எங்க பத்தாவது பேட்ச் 25 வருஷ சந்திப்பு வைக்கிறோம், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியாச்சு, ராத்திரி பசங்க மட்டும் கொஞ்சம் பீர், கொஞ்சம் ஹாட், அதுக்கு லைசென்ஸ் வேணும்ங்கறாங்க, வேலூர் கலெக்டர் ஆபீஸா இல்ல ஸ்டேஷனா, எங்க போகணும், சீக்கிரம் சொல்லுங்கப்பா

கோட்டை வாசல்:
எந்த ஊரு? தனியார் மண்டபமா, கவர்மெண்டா? என்னிக்கு?

பந்தி அண்ணன்:
காசுக்கு விக்கலன்னா லைசென்ஸே தேவையில்ல தம்பி. பாத்திரம் கழுவுற இடத்துல ரெண்டு டேபிள போட்டு எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திடுவோம், பில்லு பாக்கெட்ல இருந்தா போதும், எத்தினி பங்ஷன் பாத்துகீறேன்

விதி எழுபது:
பில்லு இருந்தா மண்டபம் பார் ஆயிடுமா சார்? இதையே பத்து இழையில எழுதிட்டேன், யாரும் தேடிப் படிக்கிறதில்ல. 2023 மார்ச்ல எப்.எல்.12னு ஸ்பெஷல் லைசென்ஸ் கொண்டு வந்தாங்க, கல்யாண மண்டபம், வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும். ஏப்ரல்ல விஷயம் வெளிய வந்து பெரிய சத்தம் ஆனதும் அந்த ரெண்டையும் தூக்கிட்டு மாநாட்டு அரங்கம், ஸ்டேடியம்னு சுருக்கினாங்க, தேசிய, சர்வதேச நிகழ்ச்சிக்குன்னு. அந்த மாசமே ஹைகோர்ட் இடைக்காலத் தடை போட்டுச்சு. உங்க பேட்ச் சந்திப்பு சர்வதேச மாநாடா?

பாலாறு பையன்:
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். ஆற்காடு, நகராட்சி சமுதாயக் கூடம். மாட்டுப் பொங்கல் அன்னிக்கு, அப்பதான் எல்லாரும் ஊருக்கு வருவாங்க

கோட்டை வாசல்:
ஆற்காடு 2019லயே ராணிப்பேட்டை மாவட்டம் ஆயிடுச்சு, வேலூருக்குப் போனா திருப்பி அனுப்புவாங்க. அதவிட, மாட்டுப் பொங்கல்தான் திருவள்ளுவர் தினம், டாஸ்மாக்கே அன்னிக்கு மூடி இருக்கும். மண்டப ரசீத திருப்பிப் பாத்தீங்களா?

பந்தி அண்ணன்:
மூடினா இன்னா, சித்தூர் தோ பக்கத்துல

விதி எழுபது:
வெளிமாநில பாட்டிலோட கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்ல நின்னு பாருங்க, வண்டியும் போகும். தெரியாம ஐடியா குடுக்காதீங்க.

மாந்தோப்பு:
இதுல ஒரு தமாஷ், நாட்டுக்கே மதுவிலக்கு மொதல்ல வந்தது நம்ம வட ஆற்காட்டுலதான்

விதி எழுபது:
தப்பு. 1937ல ராஜாஜி ஆரம்பிச்சது சேலத்துல. வட ஆற்காட்டுக்கு 1939தான்.

மாந்தோப்பு:
ரெண்டு வருஷம்தானே சார், அதுக்கு இவ்ளோ கோவமா

பந்தி அண்ணன்:
எங்க தாத்தா அப்பவும் கள்ளு எறக்கினாரு, சேலமாவது வேலூராவது

விதி எழுபது:
தாத்தா கதைக்கு தனி இழை தொறங்க.

கோட்டை வாசல்:
கேட்டவர் எங்கப்பா காணோம்

பாலாறு பையன் (நாலு நாள் கழிச்சு):
ரசீது பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கு, மது அருந்தினா டெபாசிட் திருப்பித் தர மாட்டாங்களாம். எட்டாயிரம் கட்டியிருக்கோம். குரூப்ல பெரிய சண்டை, ரெண்டு பேர் வெளிய போயிட்டானுங்க. பிரியாணியும் மக்கன் பேடாவும் மட்டும்தான். நன்றி

மாந்தோப்பு:
பேடா எந்தக் கடையில?