உதவி: அலுமினியம் டிக் வெல்டிங், காலையில் நன்றாக வருகிறது, மதியத்துக்கு மேல் ஒரே ப்ளோஹோல் (அவசரம்)

எஸ்டேட்_ஃபேப் | செவ்வாய், இரவு 9:40

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன ஷெட். நானும் ஒரு பையனும்தான். ஆயில் டேங்க் 12, டிக்கில் (டங்ஸ்டன் முனையில் ஆர்க், அதை மூட ஆர்கான் வாயு) செய்து கொடுக்க வேண்டும், சனிக்கிழமை டெலிவரி. 7 முடித்துவிட்டேன், அதில் 4 லீக். காற்று அடைத்து சோப்புத் தண்ணீர் தடவினால் ஊசி முனையளவு ஓட்டையிலிருந்து குமிழ் குமிழாக வருகிறது. காலையில் போடும் ரன் (ஒரே இழுப்பில் போடும் வெல்டு) பளபளவென்று இருக்கிறது. மதியத்துக்கு மேல் அதே கை, அதே செட்டிங், ஆனால் பீட் மங்கிப் போய் ஓரமெல்லாம் கறுக்கிறது. என்ன காரணம்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பாடி_கிரைண்டர் | இரவு 9:52

தகடு எத்தனை மி.மீ.? என்ன கிரேடு? ஃபில்லர் கம்பி 4043-ஆ 5356-ஆ? டங்ஸ்டன் என்ன கலர், டார்ச் முனையில் மாட்டும் கப் என்ன நம்பர், ஆர்கான் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது? இது எதுவுமே சொல்லாமல் கேட்டால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

காசிமேடு_போட் | இரவு 10:05

தம்பி, மதியத்துக்கு மேல் என்றாலே எனக்குப் புரிந்துவிட்டது. கடற்காற்று. நான் படகுகளுக்கு டீசல் டேங்க் அடிக்கிறேன், 12 மணி தாண்டினால் இங்கே காற்று திரும்பிவிடும். உங்கள் அம்பத்தூருக்கு இன்னும் கொஞ்சம் லேட்டாக வந்து சேரும், அவ்வளவுதான். ஷட்டர் திறந்திருந்தால் ஆர்கானை அப்படியே தள்ளிக்கொண்டு போய்விடும். கிழக்குப் பக்கம் ஒரு தார்ப்பாய் கட்டுங்கள். தலைக்கு மேலே ஃபேன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

திருமுடிவாக்கம்_லேத் | இரவு 10:11

எனக்கு வோல்டேஜ் மேல்தான் சந்தேகம். மதியம் எல்லா ஷெட்டும் மெஷின் போடும் நேரம். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் லேத்தே முனகும். மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?

டிக்_25வருஷம் | இரவு 10:30

இதே கேள்விக்கு இங்கே பத்து தடவையாவது பதில் சொல்லியிருப்பேன். தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. மெஷின் வாங்கியதும் வெல்டர் ஆகிவிட முடியாது.

கேளுங்கள். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அதன் மேல் தோலாகப் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தத் தோலை எடுக்காமல் தீ வைத்தால், உள்ளே தண்ணீராகி மேலே பையாகத் தொங்கும். முதலில் அசிட்டோன், அப்புறம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிரஷ், ஒரே திசையில் இழுப்பு. எண்ணெயோடு பிரஷ் போட்டால் அழுக்கை உள்ளே தேய்த்து விடுகிறீர்கள். அந்த பிரஷ் எம்.எஸ். (சாதா இரும்பு) பக்கமே போயிருக்கக் கூடாது. மதியம் சாப்பிட்டு வந்ததும் இதையெல்லாம் சோம்பலில் விடுகிறீர்கள். அதுதான் பிரச்சினை.

எஸ்டேட்_ஃபேப் | புதன், காலை 6:15

மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். 5052 தகடு, 3 மி.மீ. ஃபில்லர் 5356. ஏ.சி. கரண்ட்தான் (மாறு மின்னோட்டம்), 130 ஆம்ப். டங்ஸ்டன் 2.4, நீலம். கப் 7. ஆர்கான் 10 லிட்டர். அசிட்டோன், பிரஷ் எல்லாம் மதியமும் செய்கிறேன் சார், பிரஷ் தனி. ஃபேன் கிடையாது. நேற்று மதியம் ஷட்டரை இறக்கிவிட்டும் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான் வந்தது. மீட்டர் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

மெட்டலர்ஜி_மூன்றாம்_ஆண்டு | புதன், காலை 7:02

அண்ணா, ஓட்டை ரன் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா, குறிப்பிட்ட இடத்தில் கூட்டமாக இருக்கிறதா? லீக் ஆன டேங்கில் அந்த இடங்களை மார்க்கரில் வட்டம் போட்டுப் பாருங்கள்.

அலுமினியத்தில் இந்த மாதிரி ஊசி ஓட்டைக்குப் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் காரணம். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை நிறைய வாங்கி வைத்துக்கொள்ளும். உறையும்போது அதில் கிட்டத்தட்ட 20-இல் 1 பங்குதான் உள்ளே தங்க முடியும். மீதி வெளியே ஓடப் பார்க்கும், அதற்குள் உலோகம் இறுகிவிடும். எண்ணெய், ஈரம், கிரீஸ், எதிலிருந்து வேண்டுமானாலும் அது வரலாம்.

இன்னொன்று. ஆயில் எவ்வளவு சூடாகும் என்று பார்ட்டியிடம் கேளுங்கள். தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் நிற்கும் என்றால் 5356 வேண்டாம். அதில் மெக்னீசியம் 5 சதவீதம். அந்தச் சூட்டில் நாளடைவில் விரிசல் விட வாய்ப்பு உண்டு.

பாடி_கிரைண்டர் | காலை 7:20

நீல டங்ஸ்டன் சரிதான். பல்ஸ் (கரண்ட் தானாகக் கூடிக் குறைவது) போடுகிறீர்களா? என் மெஷினில் நொடிக்கு ஒன்றரை பல்ஸ் வைத்து, ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு சொட்டு ஃபில்லர் கொடுத்தால் மீன் செதில் மாதிரி வரும். பார்ட்டி பார்த்துவிட்டு ரேட் பேசாமல் போனார்.

டிக்_25வருஷம் | காலை 8:05

பல்ஸ் போட்டு வரும் செதிலுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? 1941-இல் அமெரிக்காவில் நார்த்ராப் விமானக் கம்பெனியில் ரசல் மெரிடித் டங்ஸ்டன் முனையும் ஹீலியம் வாயுவும் வைத்து மெக்னீசியத்தை ஒட்டியபோது எந்தப் பல்ஸ் இருந்தது? கைதான். உருகிய உலோகக் குளத்தைக் கண்ணால் படிக்கத் தெரிந்தவனுக்கு மெஷின் தாளம் போட வேண்டியதில்லை.

பாடி_கிரைண்டர் | காலை 8:11

சார், 12 டேங்க், ரெண்டு ஆள், ஒரு வாரம். பல்ஸ் சூட்டைக் குறைக்கிறது, 3 மி.மீ. தகடு வளையாமல் நிற்கிறது. அதைக் குற்றம் மாதிரி பேசாதீர்கள்.

டிக்_25வருஷம் | காலை 8:19

குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கலை என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

காசிமேடு_போட் | காலை 8:40

ரெண்டு பேரும் செதிலை விடுங்கள். கடலில் ஆறு மாதம் கழித்து டீசல் கசியாமல் இருக்கிறதா என்பதுதான் என் பார்ட்டி கேட்கும் ஒரே கேள்வி. செதில் அழகாக இருந்து உள்ளே ஒட்டாமல் போன ஜாப் ஒன்றை வெட்டிப் பார்த்திருக்கிறேன். மேலே நகை மாதிரி இருந்தது. அடியில் தகட்டின் வெட்டு முனை அப்படியே புதுசாக இருந்தது. அன்றைக்கு வயிறு கலங்கியது, அதே மாதிரி டேங்கோடு போனவர்கள் கடலில் இருந்தார்கள்.

திருமுடிவாக்கம்_லேத் | காலை 8:44

வோல்டேஜ் பார்த்தீர்களா?

ஒர்க்‌ஷாப்_ரிட்டயர்டு | காலை 10:30

இப்போதுதான் படித்தேன். நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 31 வருஷம் டார்ச் பிடித்தவன். கை நடுங்க ஆரம்பித்ததால் இப்போது போடுவதில்லை, பார்க்க மட்டும் ஆசை.

தம்பி, பல்ஸைப் பற்றி அவர்கள் பேசட்டும். காலையில் ரன் சரியாக வருகிறது என்றீர்களே, அப்போது குளம் எப்படி இருக்கிறது? சுத்தமான குளம் பாதரசம் மாதிரி உருண்டு மின்னும், உங்கள் முகமூடி விளக்கின் நிழல்கூட அதில் தெரியும். ரெண்டு பக்கமும் விபூதி இழுத்தது போல வெள்ளைக் கோடு விழும். அது ஏ.சி. தோலை உரிக்கும் அடையாளம். கம்பியைக் குளத்தின் முன் ஓரத்தில் தொட்டால் தானாக உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் திணிக்க வேண்டியிருந்தால் குளம் தயாராகவில்லை.

மதியம் அந்த விபூதிக் கோடு இருக்கிறதா? மின்னல் போய்ச் சாம்பல் ஆடை கட்டுகிறதா? ஆரம்பிக்கும் இடத்தில் டங்ஸ்டன் உஸ்ஸென்று சத்தம் போடுகிறதா?

அப்புறம் முக்கியமாக ஒன்று. டார்ச் காற்றில் ஆறுகிறதா, தண்ணீரிலா? தண்ணீர் என்றால் எங்கிருந்து வருகிறது?

எஸ்டேட்_ஃபேப் | பிற்பகல் 1:25

அய்யா, காலையில் நீங்கள் சொன்ன விபூதிக் கோடு இருக்கிறது. இப்போது இல்லை. உஸ் சத்தமும் இருக்கிறது.

தங்கச்சி சொன்ன மாதிரி மார்க்கரில் வட்டம் போட்டேன். நாலு டேங்கிலும் ஓட்டை அதிகமாக ரன் ஆரம்பிக்கும் இடத்தில்தான். முதல் ஒன்றரை இன்ச்.

தண்ணீர் டார்ச். 20 லிட்டர் பக்கெட்டில் ஏர்கூலர் மோட்டார் போட்டு ஓட்டுகிறேன், மூன்று வருஷமாக அப்படித்தான். போன வாரத்திலிருந்து டார்ச் கைப்பிடி ரொம்பச் சுட்டது, வெயில் வேறு. அதனால் 11 மணிக்கு ஐஸ் பார் ஒன்று வாங்கிப் பக்கெட்டில் போடுகிறேன். அதைச் சொல்ல விட்டுப்போச்சு.

மெட்டலர்ஜி_மூன்றாம்_ஆண்டு | பிற்பகல் 1:29

அண்ணா, ஐஸை எடுத்துவிடுங்கள். கொஞ்சம் பொறுங்கள், விளக்கமாக எழுதுகிறேன்.

ஒர்க்‌ஷாப்_ரிட்டயர்டு | பிற்பகல் 1:41

அதேதான். இப்போதே மெஷினை அணைத்துவிட்டு, டார்ச் தலையை விரலால் தொட்டுப் பாருங்கள். கப்பைக் கழற்றி உள்ளே ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் சுற்றி எடுங்கள்.

கடையில் பன்னீர் சோடா வாங்கினால் பாட்டிலுக்கு வெளியே வேர்த்து வழியுமே, அதுதான் உங்கள் டார்ச்சுக்குள் நடக்கிறது. ஒரு ரன் முடித்து அடுத்த தகட்டைத் திருப்பி வைக்கும் இடைவெளியில் ஆர்கான் நின்றுவிடும். நம்ம ஊர்க் காற்று கப்புக்குள் போகும். ஜில்லென்று இருக்கும் தாமிரத்தில் பனி போல ஒட்டும். அடுத்த ரன்னின் முதல் ஒன்றரை இன்ச்சில் அந்த ஈரத்தைத்தான் நீங்கள் குளத்துக்குள் ஊதுகிறீர்கள். டார்ச் கொஞ்சம் சூடானதும் ஈரம் காய்ந்து சரியாகிவிடுகிறது.

மெட்டலர்ஜி_மூன்றாம்_ஆண்டு | பிற்பகல் 1:50

அய்யா சொன்னதற்கு ஒரு கணக்கு மட்டும் சேர்க்கிறேன். சென்னையில் இந்தக் கோடையில் காற்றின் பனிநிலை பெரும்பாலும் 25 டிகிரி பக்கம் இருக்கும். அதைவிடக் குளிர்ச்சியான எந்தப் பொருள் மேலும் தண்ணீர் படியும். ஐஸ் போட்ட பக்கெட் அதற்கும் எவ்வளவோ கீழே. தண்ணீர் ஷெட்டின் சூட்டிலேயே, அல்லது அதற்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே இருந்தால் போதும். டார்ச்சை ஆற்ற 35 டிகிரி தண்ணீருக்கும் தாராளமாக முடியும்.

காசிமேடு_போட் | பிற்பகல் 2:05

கடற்காற்றில் ஈரம் இருப்பதால்தானே இது. நான் சொன்னதும் பாதி சரி.

டிக்_25வருஷம் | பிற்பகல் 2:30

ஐஸ் என்று முதலிலேயே எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

சரி, ஐஸை எடுத்துவிட்டால் கைப்பிடி மறுபடி சுடும், அதற்கு வழி பாருங்கள். மூன்று வருஷம் சுடாத டார்ச் போன வாரம் சுட்டது என்றால் தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கிறது. திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு லிட்டர் பாட்டில் எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடித்தால் உள்ளே பாசி, இல்லை மோட்டார் வலையில் அடைப்பு. போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? உப்பு படிந்திருக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.

லீக் இருக்கும் இடத்தில் மேலேயே இன்னொரு ரன் போட்டு மூடாதீர்கள். ஓட்டை அடியில் இருக்கும், சோப்பு டெஸ்டில் தப்பித்துப் பார்ட்டியிடம் போய்க் கசியும். கார்பைடு பர் (சுழன்று அறுக்கும் முனை) வைத்து நல்ல உலோகம் தெரியும் வரை தோண்டி, அசிட்டோன் போட்டு, பிரஷ் பண்ணி, அப்புறம் போடுங்கள். கிரைண்டிங் வீல் வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் புதைந்துகொள்ளும்.

பாடி_கிரைண்டர் | பிற்பகல் 2:48

இது நல்ல பதில் சார். பல்ஸ் விஷயத்தில் மட்டும் நான் மாறப் போவதில்லை.

ஒர்க்‌ஷாப்_ரிட்டயர்டு | மாலை 4:10

பல்ஸோ, கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடலோ, கம்பி ஊட்டும் கை சரியாக இல்லாவிட்டால் ரெண்டும் வீண். நான் பழகும்போது மின்சார ரயிலில் வேலைக்குப் போகும் வழியெல்லாம் ஒரு துண்டு கம்பியைக் கட்டை விரலுக்கும் ரெண்டு விரலுக்கும் நடுவே வைத்து, மணிக்கட்டை அசைக்காமல் முன்னால் தள்ளிப் பழகினேன். கோலம் போடுகிறவர்கள் விரலிலிருந்து மாவு விடுவார்களே, மாவு நிற்காது, கையும் இடறாது, அந்த மாதிரி வர எனக்கு ஆறேழு மாதம் பிடித்தது. கம்பி முனை எப்போதும் ஆர்கான் குடைக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே இழுத்தால் சூடான முனை காற்றில் கறுத்து, அந்தக் கறுப்பு அடுத்த சொட்டில் குளத்துக்குள் போகும்.

எஸ்டேட்_ஃபேப் தம்பி, ரன் முடிந்ததும் டார்ச்சை உடனே தூக்காதீர்கள். ஆர்கான் நிற்கும் வரை அங்கேயே பிடியுங்கள்.

திருமுடிவாக்கம்_லேத் | மாலை 5:30

என்ன ஆச்சு, டிஷ்யூ நனைந்ததா?

எஸ்டேட்_ஃபேப் | வெள்ளி, இரவு 11:20

நனைந்தது. நேற்றும் இன்றும் ஐஸ் இல்லாமல் போட்டேன், மதியமும் காலை மாதிரியே வருகிறது. மோட்டார் வலை முழுக்கப் பாசி. கழுவியதும் கைப்பிடி சுடவில்லை. நாலு டேங்கையும் பர் வைத்துத் தோண்டிப் போட்டாச்சு, 12-ம் சோப்பு டெஸ்ட் பாஸ். ஆயில் 50 டிகிரிக்கு மேல் போகாது என்று பார்ட்டி சொன்னார். அய்யாவுக்கும் தங்கச்சிக்கும் 25வருஷம் சாருக்கும் எல்லாருக்கும் நன்றி. காலையில் லோடு ஏற்ற வேண்டும்.

டிக்_25வருஷம் | வெள்ளி, இரவு 11:34

மூலைகளில் ரன் முடிக்கும் இடத்தில் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் குழியை நிரப்பினீர்களா? அங்கேதான் நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும், சோப்பில் தெரியாது. ஏற்றுவதற்கு முன் விரிசலைக் காட்டும் சிவப்பு டை போட்டு நாலு மூலையையும் பாருங்கள். போட்டோ அனுப்புங்கள், விழித்திருக்கிறேன்.