வளவு வீட்டுக்கு ஒரு அறிவு மாதிரி: மெய்நிகர் உலகத் தொழில்நுட்பங்களை ஒழுங்குபடுத்துகையில் இடறும் இடங்கள்

காரைக்குடியிலிருந்து

முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிற செட்டிநாட்டு வீட்டை மெய்நிகர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நடந்து பார்க்கக் கருவிகள் வந்துவிட்டன. எந்தக் கருவி எதோடு சேரும், எந்த ஃபைல் எதில் திறக்கும், எந்த ஸ்கேனிலிருந்து எந்த மாடல் பிறந்தது என்பதையெல்லாம் கணினி புரிந்துகொள்கிறபடி எழுதிவைப்பதுதான் அறிவு மாதிரி. ஆன்டாலஜி என்பதும் இதைத்தான். இதில் கைவைத்தவர்கள் எங்கே இடறும் என்று எழுதினால், அடுத்துச் செய்கிறவர்களுக்குப் பல மாதங்கள் மிச்சமாகும். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து ஒவ்வொருவராக அப்படி எழுதிய குறிப்புகள் இவை.

அறிவு மாதிரி எழுதும் மென்பொருளான புரோட்டஜேயைத் திறந்த கையோடு வகுப்புகளை (ஒரே வகைப் பொருள்களுக்கான தொகுப்புகளை) அடுக்கத் தொடங்காதீர்கள். முதலில் இருபது, முப்பது கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். ‘தலையைத் திருப்புவதை மட்டும் உணரும் ஹெட்செட்டில் வளவுக்குள் காலால் நடக்க முடியுமா?’, ‘இந்தத் தூண் மாடல் எந்தத் தேதி ஸ்கேனிலிருந்து வந்தது?’, ‘இந்த ஃபைலை மாற்றாமலே ஏற்கும் இன்ஜின்கள் (மாடலைக் காட்சியாக ஓட்டும் மென்பொருள்கள்) எவை?’ இப்படி. எந்தக் கேள்விக்கும் பதில் தர உதவாத வகுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிட வேண்டியதுதான்.

அடுத்து, ‘தூண்’ என்று ஒரே வகுப்பு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது. பட்டாலையில் (வீட்டின் முன்பக்க உயர்ந்த கூடத்தில்) நிற்கிற பர்மாத் தேக்குத் தூண் ஒன்று. அதை ஸ்கேன் செய்ததில் கிடைத்த புள்ளித்திரள் (மேற்பரப்பை அளந்த புள்ளிகளின் தொகுப்பு) இன்னொன்று. அதிலிருந்து செய்த மாடல் ஃபைல் மூன்றாவது. ஹெட்செட்டில் ஒருவர் பார்க்கும் நேரத்தில் மட்டும் இருக்கிற காட்சி நான்காவது. நாலையும் ஒன்றாக்கினால் ‘எடை’ என்ற பண்பில் கிலோவும் மெகாபைட்டும் அருகருகே உட்காரும். மரத்தூணுக்கு உயரம் உண்டு, செதுக்கல் உண்டு. மாடலுக்கு அதன் மேற்பரப்பை ஆக்கும் முக்கோணங்களின் எண்ணிக்கை உண்டு, பதிப்பு எண் உண்டு. நான்கு வகுப்புகள், நடுவே ‘எடுத்தது’, ‘உருவானது’, ‘காட்டுவது’ என்று மூன்று உறவுகள். பாரம்பரியப் பொருள்களுக்கென்றே உள்ள சிடாக் சிஆர்எம் என்ற அறிவு மாதிரி (2006-இல் ஐஎஸ்ஓ 21127 என்ற பன்னாட்டுத் தரம் ஆனது) முதல் வகுப்பான நிஜத் தூணுக்கு அப்படியே பொருந்தும். ஸ்கேன் வேலையை எழுத அதன் நீட்சியான சிஆர்எம்டிக் இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

தேவகோட்டையிலிருந்து

மெய்நிகர் கருவி, மிகைமெய்க் கருவி (நிஜக் காட்சியின்மேல் மாடலை வைத்துக் காட்டுவது) என்று இரண்டு வகுப்புகள் போட்டு, ஒன்றோடு ஒன்று சேராதவை என்று அறிவித்துவிடுவார்கள். ஆய்வாளர்கள் மில்கிராமும் கிஷினோவும் 1994-லேயே இதைத் தொடர்கோடாகத்தான் வரைந்தார்கள். ஒரு முனையில் நிஜ உலகம், மறுமுனையில் முழு மெய்நிகர் உலகம், இடையில் எல்லாக் கலப்பும். இன்றைய ஹெட்செட்டுகள் பல, கேமரா வழியாக அறையைக் காட்டியபடியே மாடலை அதன்மேல் வைக்கின்றன. அடுத்த நிமிடம் முழு மெய்நிகருக்குப் போகின்றன. அந்தக் கருவியை இரண்டு வகுப்பிலும் சேர்த்தால் ரீசனர் (எழுதியதிலிருந்து முடிவுகளை அனுமானிக்கும் மென்பொருள்) முரண் என்று நின்றுவிடும். கலப்பின் அளவு கருவியின் வகையில் சேராது. ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு பார்க்கும் அமர்வின் பண்பாக அதை எழுதுங்கள்.

ஆளுக்கும் இதே கதைதான். நம் பக்கத்தில் ‘புள்ளி’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. யாரும் புள்ளியாகப் பிறப்பதில்லை. கல்யாணமானதும் கோயில் கணக்கில் ஒரு குடும்பமாக எண்ணப்படுவதுதான் புள்ளி. ஆள் அதே ஆள், ஏற்ற பங்கு புதிது. ‘பயனர்’, ‘வழிகாட்டி’, ‘பார்வையாளர்’ எல்லாம் இப்படிப்பட்ட பங்குகளே. மனிதர் என்ற வகுப்பின் உட்பிரிவாக அவற்றை வைக்கக் கூடாது. அவதார் (மெய்நிகர் உலகில் ஒருவருக்குப் பதிலாக நிற்கும் உருவம்) தனி, அது ஒரு எண்ணியப் பொருள். ஒருவருக்கு மூன்று அவதார் இருக்கலாம், ஒரே அவதாரை இருவர் வேறு வேறு நேரத்தில் அணியலாம்.

கானாடுகாத்தானிலிருந்து

அறிவு மாதிரியை எழுதும் மொழியான ஓடபிள்யூஎல்-இல் டொமைன் (உறவு தொடங்கும் பக்கத்தின் வகுப்பு), ரேஞ்ச் (உறவு முடியும் பக்கத்தின் வகுப்பு) இரண்டையும் தவறான பதிவைத் தடுக்கும் காவல்காரர் என்று நினைப்பது மிகவும் பரவலான பிழை. ‘அணியப்படுவது’ என்ற உறவின் டொமைன் ஹெட்செட் என்று எழுதி, தவறுதலாக அந்த உறவை வளவிலிருந்து தொடங்கினால் பிழைச்செய்தி வராது. வளவும் ஒரு ஹெட்செட் என்று ரீசனர் முடிவுகட்டிவிடும். கட்டடப் பகுதியும் கருவியும் ஒன்றுக்கொன்று சேராதவை என்று அறிவித்திருந்தால்தான் முரண் வெளியே தெரியும்.

இன்னொன்று, எழுதாததை ஓடபிள்யூஎல் ‘இல்லை’ என்று கொள்ளாது, ‘தெரியாது’ என்றே கொள்ளும். மாடலுக்கு உரிமம் கட்டாயம் என்று விதி வைத்துவிட்டு ஒரு மாடலுக்கு மட்டும் உரிமத்தைக் குறிக்க மறந்தால், ‘எங்கேயோ இருக்கும்’ என்று அது அமைதியாகக் கடந்துபோகும். விடுபட்டதைப் பிடிக்க ஷேக்கிள் என்ற சரிபார்ப்பு மொழி (2017-இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரை) வேண்டும். அனுமானத்துக்கு ஓடபிள்யூஎல், சரிபார்ப்புக்கு ஷேக்கிள். இரண்டையும் தனித்தனி ஃபைலில் வையுங்கள்.

ஆத்தங்குடியிலிருந்து

மேலே எழுதியவர்கள் கட்டுமானப் பொருளின் பக்கம் வரவில்லை, அங்கேதான் அதிகம் இடறும். கூரையில் இருப்பதும் ஓடு, தரையில் இருப்பதையும் பலர் ஓடு என்கிறார்கள். ‘ஓடு’ என்ற தாய்வகுப்பின்கீழ் இரண்டையும் போட்டு, அதற்குச் ‘சூளையில் சுட்டது’ என்ற பண்பைக் கொடுத்தால் ஆத்தங்குடிக் கல்லும் சுட்டதாகிவிடும். அது சுடப்படுவதே இல்லை. கண்ணாடிமேல் சட்டம் வைத்து, அச்சில் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, மேலே காய்ந்த மணல் சிமெண்ட் கலவை தூவி, பின்பக்கம் சாந்து நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து இறுக விடுவது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. ஆகவே வகைப்படுத்தலைச் செய்முறையிலிருந்து தொடங்குங்கள். பேச்சுவழக்குப் பெயர் அதற்கு உதவாது.

எண்ணிக்கையிலும் கவனம். 15 அடிக்கு 10 அடி அறையில் 10 அங்குலக் கல் பதித்தால் 18 வரிசை, வரிசைக்கு 12, மொத்தம் 216. ஒவ்வொன்றையும் தனி உருப்படியாக எழுதினால் ஒரு வீட்டிலேயே பல்லாயிரம் வந்து ரீசனர் திணறும். கல்லிலுள்ள கோலம் ஒரு உருப்படி, தரை ஒரு உருப்படி, தரைக்கு எண்ணிக்கையும் அளவும் பண்புகள். விரிசல் விட்ட கல், மாற்றிப் பதித்த கல் இவற்றை மட்டும் தனியே எழுதலாம்.

அளவு எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லாமல் எதையும் ஏற்காதீர்கள். கொத்தனார் அடியில் சொல்வார், ஜிஎல்டிஎஃப் என்ற மாடல் ஃபைல் வடிவம் மீட்டரில் கேட்கும், அன்ரியல் என்ற இன்ஜின் சென்டிமீட்டரில் கணக்கிடும். 10 அங்குலம் 0.254 மீட்டர். இந்த இடத்தில் ஒரு பூஜ்யம் தவறினால் திண்ணை மலையாகும். அச்சுத் திசையும் அப்படித்தான். ஜிஎல்டிஎஃபில் மேல்நோக்கிய அச்சு ஒய், வலக்கை முறை (மூன்று அச்சுகளின் திசை வலக்கை விரல்களோடு ஒத்துப்போவது). யூனிட்டி இன்ஜினிலும் ஒய்தான், ஆனால் இடக்கை முறை. அன்ரியலில் இசட், அதுவும் இடக்கை முறை. மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் இசட், வலக்கை முறை. கைமாற்றத்தைத் தவறவிட்டால் வீடு கண்ணாடி பிம்பமாகத் திரும்பிவிடும். நம் வீடுகள் இருபுறமும் ஒத்த அமைப்பு என்பதால் அது கண்ணில் படாது. வாசல் நிலைக்கு மேலே உள்ள பெயர் எழுத்து நேராகப் படிக்க வருகிறதா என்று பாருங்கள், உடனே தெரிந்துவிடும். அலகு, அச்சு, கை மூன்றையும் இன்ஜின் உருப்படியின் கட்டாயப் பண்புகளாக வையுங்கள்.

ஸ்கேன் பதிவில் வெளிச்சத்தையும் எழுத வேண்டும். மெருகேறிய கல்லிலும் முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சிலும் பிரதிபலிப்பு கேமராவோடு சேர்ந்து நகரும். புகைப்படங்களை ஒப்பிட்டு வடிவம் எடுக்கும் முறை அங்கே ஏமாறி, தரையில் பள்ளம் காட்டும். விளக்கிலும் லென்ஸிலும் துருவ வடிகட்டிகளைக் (போலரைசர்) குறுக்காகப் போட்டால் பெருமளவு அடங்கும். உச்சிவெயிலில் வளவில் எடுத்தால் வெயில்கட்டம் மாடல்மேல் ஒட்டும் நிறப்படத்திலேயே பதிந்துவிடும், அந்த மாடலை மாலைக் காட்சிக்குப் பயன்படுத்த முடியாது. நேரம், வடிகட்டி, நிழல் உண்டா இல்லையா, இந்த மூன்றும் ஸ்கேன் நிகழ்வின் பண்புகள்.

பள்ளத்தூரிலிருந்து

தமிழ்ப் பெயர் பற்றி ஒரு குறிப்பு. உருப்படியின் அடையாளம் பொருளற்ற எண்ணாக இருக்கட்டும், பெயரைத் தமிழ் மொழிக்குறியோடு லேபிளாகக் கொடுங்கள். ஒரே பகுதிக்கு வீட்டுக்கு வீடு பெயர் மாறும். ஒன்றை முதன்மை லேபிளாகவும் மற்றவற்றை மாற்று லேபிளாகவும் வைக்க, சொற்களை ஒழுங்குபடுத்தும் தரமான ஸ்காஸில் இடமுண்டு.

லேபிளைத் தேடினால் அது கிடைக்காமலே போகிற ஒரு சிக்கலும் இருக்கிறது. ‘கொட்டான்’ (பனையோலைக் கூடை) என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, அறிவு மாதிரியில் தேடும் வினவல் மொழியான எஸ்பார்க்கலுக்கு வேறு வேறு. உள்ளே ஏற்றும் முன் எல்லா லேபிளையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இத்தகைய குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுங்கள், தேடும் சொல்லையும் அப்படியே.

காரைக்குடியிலிருந்து, மறுபடியும்

ஆத்தங்குடிக்காரர் இன்ஜினைப் பற்றிச் சொன்னதோடு ஃபைல் வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஜிஎல்டிஎஃப்’ என்று ஒரே உருப்படி போதாது. 1.0-இல் மேற்பரப்பின் தோற்றம் ஷேடர் நிரலாக (நிறத்தையும் ஒளியையும் கணக்கிடும் நிரல்) இருந்தது. 2017-இல் வந்த 2.0-இல் உலோகத்தன்மை, சொரசொரப்பு என்ற எண்களாக மாறியது. ஒவ்வொரு பதிப்பும் தனி உருப்படி, ‘ஏற்கும்’ என்ற உறவு பதிப்போடுதான் இணைய வேண்டும். தாளில் எழுதிய கேள்விகளையும் எஸ்பார்க்கல் வினவல்களாக மாற்றி, எதிர்பார்க்கும் பதிலோடு சேமித்துவையுங்கள். மாதிரியில் ஒரு வரி மாறினாலும் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த வரி.